ரகுபதி வாத்தியாரின் அர்ச்சனை

முத்தம்மா பள்ளிக்கூடத்தை விடாமல் படித்ததற்குப் படிப்பின்மேல் இருந்த ஆசை காரணமல்ல. ரகுபதி வாத்தியார்மேல் இருந்த ஆத்திரம்தான் காரணம். பின்னாளில் நெட்டுக்குப்பத்தில் டீச்சராக இருந்தபோது யார் கேட்டாலும் அவள் இதை மறைத்ததில்லை. "எனக்கு யாரும் ஆசை காட்டிப் படிக்க வைக்கல. வயித்தெரிச்சல்ல படிச்சவ நான்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய குப்பம் ஒன்றில் பிறந்தவள். அப்பா கட்டுமரக்காரர், அம்மா தலைச்சுமையாக மீன் விற்பவள். ஒரு வயது இளையவன் தம்பி தேசப்பன். குப்பத்துக்கும் தேரடிக்கும் நடுவில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் அக்காவும் தம்பியும் படித்தார்கள். ஓட்டுக் கூரை போட்ட நீளக் கூடம். வாசலில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அந்த ஒரே கூடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே வாத்தியார் ரகுபதி. யுத்தம் தொடங்கியிருந்த காலம்.

ரகுபதி வாத்தியார் கெட்டிக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சாக்குக்கட்டியைப் பலகையிலிருந்து எடுக்காமல் இந்தியா படத்தை ஒரே இழுப்பில் போடுவார். ரயில் போகும் சத்தத்தில் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை, ரயில் போனதும் அதே சொல்லிலிருந்து தொடங்குவார். ஆனால் அவருக்கு மூக்கு மிகக் கூர்மை. வெயில் ஏறினால் கடற்காற்று கிழக்கு ஜன்னல் வழியாக வரும். அந்த ஜன்னலோரம் குப்பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்தால் கருவாட்டு வாடை கூடம் முழுக்க வரும் என்று அவர்களை மேற்குச் சுவரோரம் கடைசி வரிசையில் வைத்தார். தேரடிப் பக்கத்துக் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்வரிசை.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் அர்ச்சனை. கேள்வியைக் கடைசி வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டே வருவார். பதில் தெரியாதவர்கள் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். யாராவது ஒரு பிள்ளை சரியாகச் சொன்னதும், உருட்டு ரூலரால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். சொன்ன பிள்ளை எழுந்து போய், குனிந்திருக்கும் ஒவ்வொரு தலையிலும் விரலை மடக்கி நறுக்கென்று குட்ட வேண்டும். குட்டுச் சத்தம் மேஜை வரைக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குட்டியவனுக்கு அவரே குட்டுவார்.

கரைவலை இழுக்கும் காலையில் குப்பத்தில் ஒருவரும் சும்மா இருக்க முடியாது. கயிற்றைத் தொட்ட கைக்குத்தான் பங்கு. சின்னப் பிள்ளையின் கையாக இருந்தாலும் அதற்கும் ஒரு பிடி மீன் உண்டு. ஆகவே வலை போட்ட நாளில் கடைசி வரிசை காலியாக இருக்கும். மறுநாள் கேள்வி, அவர்கள் வராத பாடத்திலிருந்துதான் வரும். குப்பத்துத் தாய்மார்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பின்னல் போடமாட்டார்கள். முடியை உச்சிக்குத் தூக்கி, பழைய நூல்வலைத் துண்டைச் சுருட்டி உள்ளே வைத்து, கொண்டையாக முடிந்துவிடுவார்கள். குட்டு கொண்டையில் விழும்.

ஒரு நாள் வாத்தியார் ஐந்தாம் வகுப்பைப் பார்த்து, "மேற்கே பாயற ஆறு ரெண்டு சொல்லு" என்றார். கடைசி வரிசையில் தொடங்கி ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. முத்தம்மா தலையும் குனிந்தது. அந்தப் பக்கம் நாலாம் வகுப்பிலிருந்து தேசப்பன் எழுந்து, "நர்மதை, தபதி சார்" என்றான். அவனைக் கேட்கவே இல்லை. காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டான்.

"பலே! நாலாங்கிளாஸ் சொல்றான், அஞ்சாங்கிளாஸ் முழிக்குது. ம், நடக்கட்டும் அர்ச்சனை" என்று ரூலரை எடுத்துத் தட்டினார்.

தேசப்பன் போனான். பெரிய பையன்களைக் குட்டக் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே குட்டினான். அக்காவிடம் வந்ததும் நின்றான்.

"ஏன் நின்னுட்டே?"

"அக்கா சார்."

வகுப்பே சிரித்தது. "வகுப்புல அக்கா இல்லை, சித்தி இல்லை. குட்டு."

"மாட்டேன் சார்."

அதுவரை அந்தச் சொல்லை அந்தக் கூடத்தில் யாரும் சொன்னதில்லை. ரகுபதி வாத்தியார் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, பெரிய மனுஷர் குட்டமாட்டாராம். அக்கா எழுந்திரு. நீ அவனைக் குட்டு. குட்டினா அவன் போய் உட்காரலாம். குட்டலேன்னா பேரை அடிச்சுடறேன், நாளையிலேருந்து வலை இழுக்கப் போகட்டும்."

முத்தம்மா எழுந்தாள். தம்பியின் பேர் அடிபடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. மெதுவாகக் குட்டினாள்.

"சத்தம் கேக்கலையே."

மறுபடி குட்டினாள்.

"அது தடவறது. நான் குட்டச் சொன்னேன்."

மூன்றாவது தடவை சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. முன்வரிசை கைதட்டிச் சிரித்தது. தேசப்பன் அழவில்லை. அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். சிலேட்டுப் பலகையை அப்படியே போட்டுவிட்டு வெளியே நடந்தான். அப்பா அடித்துப் பார்த்தார், அம்மா பொரி உருண்டை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவன் அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை. சில காலம் அப்பாவோடு கட்டுமரத்தில் போனான். பிறகு துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கப் போய்விட்டான்.

ரகுபதி தன் கையால் அடித்திருந்தால் முத்தம்மா மறந்திருப்பாள். வாத்தியாரிடம் அடி வாங்காத பிள்ளை யார்? ஆனால் அவர் அவள் கையை எடுத்து அவள் தம்பியை அடித்தார். அது அவளுக்குச் செரிக்கவே இல்லை. தம்பி வெளியே போனான். அவள் உள்ளேயே இருந்தாள். இந்த ஆளை ஒரு நாள் இதே கூடத்தில், இதே பிள்ளைகள் முன்னால், தலை குனிய வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியாகிப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த மாதங்களிலும், அவள் அடுப்புக்கரியால் சுவரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்துப் பரீட்சையும் தேறினாள். கல்யாணம் செய்து வைத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் புருஷனைப் புயல் கொண்டுபோயிற்று. விதவைகளுக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ராயபுரத்தில் பயிற்சிப் பள்ளி. போய்ச் சேர்ந்தாள்.

தேசப்பனுக்கு இது விளங்கவில்லை. "இன்னாக்கா நீ, அந்த ஆளு கைல குட்டு வாங்கிட்டு அதே வேலைக்கா போறே?" என்றான்.

"அதே வேலைக்குத்தான்டா."

"இன்னும் அத்தயே நெஞ்சுல வெச்சிகினு கீறியா? எனக்கே மறந்து பூட்ச்சு."

"மறந்துட்டியா?"

அவன் குடத்தைச் சாய்த்து முகத்துக் கரியைக் கழுவினான்.

பயிற்சியின் இரண்டாம் வருஷத்தில், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கு முன், ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த ஆசிரியர் எப்படித் தொடங்குகிறார், எப்படிக் கேள்வி கேட்கிறார், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். சனிக்கிழமை வந்து மேற்பார்வை ஆசிரியை ரோஸ்மேரி அம்மாளிடம் வாயால் சொல்ல வேண்டும். யார் எங்கே போவது என்று கேட்டபோது, திருவொற்றியூர்ப் பள்ளி தன் வீட்டுக்குப் பக்கம் என்று முத்தம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ரகுபதிக்கு அப்போது தலை நரைத்திருந்தது. அவளை அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சேலையில் ஒரு பயிற்சி டீச்சர், அவ்வளவுதான். "வாங்கம்மா. பின்னாலே உட்காருங்க. நாற்காலி போடச் சொல்றேன்" என்றார். நாற்காலி போட்ட இடம் மேற்குச் சுவரோரம், கடைசி வரிசைக்குப் பின்னால்.

அவள் பார்த்தாள். காலையில் தண்டவாளத் துண்டு ஒலிக்கும். கடவுள் வாழ்த்து. பேர் கூப்பிடுதல். கோவை இலை வைத்துப் பலகை துடைப்பார்கள். நாலாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும்போது ஐந்தாம் வகுப்பு காதைப் பொத்திக்கொண்டு செய்யுள் படிக்கும். ரயில் வந்தால் எல்லாம் நிற்கும். மத்தியானம் குப்பத்துப் பிள்ளைகள் கஞ்சிக்கு ஓடி, மேலுதட்டில் கஞ்சி ஈரத்தோடு திரும்பி வருவார்கள். ரகுபதி சர்க்கரையாகப் பேசினார். தெரியாத பிள்ளையைப் பார்த்து, "பரவாயில்லை கண்ணா, யோசிச்சுச் சொல்லு" என்றார். ரூலர் மேஜைமேல் கிடந்தது, கோடு போட மட்டும் எடுத்தார். கூட வந்த இன்னொரு பயிற்சி ஆசிரியை ஃப்ளோரன்ஸ் அவள் காதில், "தெய்வம் மாதிரி இருக்கார்டி" என்றாள்.

முத்தம்மா அவரைப் பார்க்கவில்லை. தன் முன்னால் இருந்த கடைசி வரிசையைப் பார்த்தாள். குப்பத்துப் பெண் பிள்ளைகள் நாலு பேர். நாலு பேருக்கும் உச்சியில் கொண்டை. கேள்வி அவர்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் எட்டுக் கைகள் தாமாக முழங்காலுக்குப் போயின. பாதி வழியில் நினைவு வந்து மடியில் நின்றன. ஆக, வழக்கம் சாகவில்லை. விருந்தாளி வந்திருப்பதால் ஒளித்து வைத்திருக்கிறது.

சனிக்கிழமை ரோஸ்மேரி அம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாள் ராயபுரத்து மாதா கோயில் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கறாரான ஆள். "பிள்ளைங்களை அடிக்கிறார்னு சொல்றியா? நீ பார்த்தியா?"

"பார்க்கல மேடம். ஆனா தெரியுது."

"தெரியறது வேற, பார்க்கறது வேற. கொண்டையை வெச்சு ஒரு மனுஷனைக் குத்தம் சொல்ல முடியுமா? உங்க பக்கத்துல அப்படித்தான் முடியறாங்க போலிருக்குன்னு நான் எடுத்துக்குவேன். கண்ணால பார்த்ததைச் சொல்லு, நான் மேலே எழுதறேன்."

அதே வாரம் இன்னொரு செய்தியும் தெரிந்தது. தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் ரகுபதிக்கு. டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து அவர் வகுப்பைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லபடி எழுதிவிட்டால் முடிந்தது. இன்ஸ்பெக்டர் வரும் அன்றைக்கே பயிற்சி டீச்சர்களில் ஒருவர் அதே வகுப்பில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்றும் ஏற்பாடாகியிருந்தது. ஃப்ளோரன்ஸ் பயந்து பின்வாங்கினாள். "நான் நடத்தறேன்" என்றாள் முத்தம்மா.

கண்ணால் பார்த்ததைத்தானே சொல்ல வேண்டும்? பார்க்க வைத்துவிட்டால் போகிறது. வீட்டில் கஞ்சி கிண்டும்போதும், ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதும் அவள் ஒன்றையே நினைத்தாள். இரண்டு தட்டு. கெட்டிக்காரப் பையன் எழுவான். கடைசி வரிசை குனியும். இன்ஸ்பெக்டர் பார்ப்பார். கை ஓங்கியதும், குட்டு விழும் முன்னால், தான் "போதும், உட்காரு" என்று சொல்லிவிட வேண்டும். குழந்தைகள்மேல் அடி படக் கூடாது. இதில் அவள் உறுதியாக இருந்தாள், அல்லது இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் கூடம் பளபளவென்று இருந்தது. மாவிலைத் தோரணம். டெபுடி இன்ஸ்பெக்டர் குட்டையான மனிதர், கையில் தொப்பி. அவருக்குப் பக்கத்தில் ரோஸ்மேரி அம்மாள். பள்ளி மானேஜர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். முதலில் ரகுபதி பாடம் நடத்தினார். இந்தியா படத்தை ஒரே இழுப்பில் போட்டதும் இன்ஸ்பெக்டரே, "அடடா" என்றார். ரகுபதி ஒதுங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் பாதி தலைமையாசிரியர் வந்துவிட்டிருந்தார்.

முத்தம்மா எழுந்து மேஜைக்குப் போனாள். ரூலரைக் கையில் எடுத்துக்கொண்டு படத்தில் ஆறுகளைக் காட்டினாள். எந்தப் பக்கம் சரிவு, எந்தக் கடல். பாடம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு முந்தின நாள் பாடத்திலிருந்து கேள்வி. கடைசி வரிசையிலிருந்து தொடங்கினாள்.

"கோதாவரி எங்கே பொறக்குது?"

முதல் கொண்டை மங்கம்மா என்ற பெண்ணுடையது. முந்தின நாள் கரைவலை, அவள் வரவில்லை. அது முத்தம்மாவுக்குத் தெரியும். மங்கம்மா பேசாமல் இருந்தாள். அடுத்தவள் பேசாமல் இருந்தாள். முன்வரிசையில் பாஸ்கர் என்ற பையன் கையைத் தூக்கி, "மேற்குத் தொடர்ச்சி மலையிலே, நாசிக் பக்கம் டீச்சர்" என்றான்.

முத்தம்மா ரூலரால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பாஸ்கர் ரகுபதியைப் பார்த்தான். ரகுபதி நாற்காலியில் நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருக்கும்போது கண்ணால்கூட ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் மறுபடி இரண்டு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். வருஷம் முழுக்கப் பழகிய உடம்பு, பையனைத் தூக்கி நிறுத்தியது. அவன் நடந்தான். அவன் வந்து சேருமுன்பே நாலு கொண்டைகளும் ஒரே வரிசையாகக் குனிந்தன. எட்டுக் கைகளும் முழங்காலில். மங்கம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்து பார்த்தார். ரோஸ்மேரி அம்மாளும் பார்த்தார். காரியம் முடிந்துவிட்டது. முத்தம்மா நிறுத்த வேண்டிய இடம் அதுதான். "போதும்" என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது.

அவள் சொல்லவில்லை. சத்தம் கேட்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. அந்தச் சத்தம் ரகுபதியின் காதில், இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காதில், விழ வேண்டும் என்றிருந்தது.

நறுக்கென்று விழுந்தது. அன்றைக்கு அவசரத்தில் முடிந்த கொண்டை; குட்டு பக்கவாட்டில் மண்டையில் பட்டது. மங்கம்மா கண்ணைத் திறந்தாள். டீச்சர் தன்னைப் பார்ப்பாள் என்று நிமிர்ந்தாள். டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. ரகுபதி வாத்தியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துடா!" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். "யார் சொல்லி அடிக்கறே?"

பாஸ்கர் விரல் நீட்டினான். "டீச்சர்தான் சார் தட்டினாங்க."

ரகுபதிக்கு உயிர் வந்தது. "மன்னிக்கணும் சார். பயிற்சிக்கு வந்தவங்க, புதுசா ஏதோ முறைன்னு நினைக்கிறேன். நம்ம வகுப்புல கிடையவே கிடையாது."

இன்ஸ்பெக்டர் கடைசி வரிசைக்குப் போனார். "ஏம்மா, டீச்சர் மேஜையைத் தட்டினா நீங்க ஏன் தலை குனியறீங்க?"

மூன்றாவதாக உட்கார்ந்திருந்த வாயாடிப் பெண் ஒருத்தி, நல்ல பதில் தெரிந்த சந்தோஷத்தில், "அர்ச்சனை சார்" என்றாள்.

"என்ன அர்ச்சனை?"

"தப்பா சொன்னா அர்ச்சனை சார். சொல்லாங்காட்டியும் அர்ச்சனை. ரகுபதி சார் ரெண்டு தட்டு தட்டுவாரு, குட்டுவாங்கோ. மெதுவா குட்னா குட்னவனுக்கும் அர்ச்சனை. இப்போ விருந்தாளிங்கோ வந்துகினு கீறாங்கோன்னு லீவு வுட்டுக்கீறாரு."

மானேஜர் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். யாரோ ஒரு பையன் சிரித்தான். அதைப் பார்த்து இன்னொருவன். பிறகு முன்வரிசை முழுக்கச் சிரித்தது. ரகுபதி எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தலை குனிந்திருந்தது. இத்தனை வருஷமாக முத்தம்மா மனசுக்குள் பார்த்துப் பார்த்து வைத்திருந்த காட்சி, ஒரு மயிரிழை மாறாமல் அப்படியே இருந்தது.

அவள் அவர் பக்கத்தில் போனாள். "நான் முத்தம்மா சார்" என்றாள்.

அவர் விழித்தார். "எந்த முத்தம்மா?"

"உங்ககிட்ட அஞ்சாவது படிச்சவ. கடைசி வரிசை. தேசப்பன் அக்கா."

"தேசப்பனா?" அவர் உண்மையாகவே யோசித்தார். "எந்த தேசப்பன்?"

அவருக்கு நினைவில்லை. நடிப்பு இல்லை. எத்தனையோ தலைகள், எத்தனையோ அர்ச்சனைகள். அவள் வாழ்க்கையையே இழுத்துக்கொண்டு வந்த அந்த ஒரு நாள், அவருக்கு எந்த நாளாகவும் இருக்கவில்லை. நினைவூட்ட வாயைத் திறந்தாள். அக்கா சார் என்று அவன் சொன்னதை, மூன்று தடவை குட்டச் சொன்னதை, எல்லாவற்றையும் சொல்லலாம். சொல்லவில்லை. தெரியாமலே அனுபவிக்கட்டும் என்று விட்டாள்.

தலைமையாசிரியர் வேலை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. ரகுபதி ஓய்வு பெறும் வரை அதே கூடத்தில் வாத்தியாராகவே இருந்தார். ரூலரை மானேஜர் எடுத்துக்கொண்டார். ரகுபதி தெருவில் போனால் எங்காவது ஒரு சந்திலிருந்து, "அர்ச்சனே!" என்று ஒரு குரல் வரும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். முத்தம்மா எதிரே வந்தால் தெருவைத் தாண்டி அவர் பக்கம் போய், "வணக்கம் சார்" என்று சத்தமாகச் சொல்வாள். அவர் பதில் வணக்கம் சொல்லியே ஆக வேண்டும். பார்க்கும் போதெல்லாம் இதைச் செய்தாள். அவருக்குக் கண் மங்கிய பிறகும் செய்தாள். அதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது.

ரோஸ்மேரி அம்மாள் அந்தப் பாடத்தில் அவளைத் தேற வைக்கவில்லை. "அந்த ஆளைப் பத்தி நான் எழுதிட்டேன். இப்போ உன்னைப் பத்தி. நீ நிறுத்தியிருக்கலாம். நேரம் இருந்துது. நான் உன் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"ஆமாம் மேடம்" என்றாள் முத்தம்மா. ஆறு மாதம் கழித்து வேறு பள்ளியில் மறுபடி நடத்திக் காட்டித் தேறினாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று சாயங்காலம் தேசப்பன் வேலையிலிருந்து வரும்வரை வாசலிலேயே காத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுந்தது, வாயாடிப் பெண் சொன்னது, வாத்தியார் தலை குனிந்தது. தேசப்பன் கரி முகத்தில் பல் தெரியச் சிரித்தான். "சர்த்தான்! சந்தனக் கிண்ணத்தோட நின்னுகினு இருந்தாரா மானேஜரு!" என்று தொடையைத் தட்டினான். அப்புறம் குடத்தைச் சாய்த்துக்கொண்டே கேட்டான்: "குட்டு வாங்கிச்சே, அது யார் வூட்டுப் பொண்ணு?"

"மங்கம்மா. வடக்காலத் தெருவுல, கூடைக்காரி மவ."

"அது உன்னிய இன்னா பண்ணிச்சு?"

கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அவனுக்கு அது சும்மா ஒரு கேள்வி.

மங்கம்மா மறுவாரமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். முத்தம்மா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். தாய்க்காரி, "அது வராது டீச்சர், உங்க பேர எட்த்தாலே உள்ள பூந்துக்குது" என்றாள். கதவுக்குப் பின்னால் ஒரு பாவாடை ஓரம் தெரிந்தது. வெளியே வரவில்லை.

சில வருஷங்களில் மங்கம்மா தாயோடு கூடை தூக்க ஆரம்பித்தாள். பிறகு திருவொற்றியூர் மார்க்கெட்டில் தனியாகவே கடை போட்டாள். கை சுத்தம், வாய் நீளம், சாமான் நல்ல சாமான். நெட்டுக்குப்பம் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட முத்தம்மா ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வருவாள். வரிசையில் மற்ற கடைகளைத் தாண்டி மங்கம்மா முன்னால் போய் நிற்பாள். அவள் வருவதைப் பார்த்ததும் மங்கம்மா ஈரச் சாக்கை எடுத்து மீன் கூடைமேல் போட்டு மூடிவிடுவாள்.

"சங்கரா இருக்குதாம்மா?"

"இல்ல."

"அதோ தெரியுதே."

"வித்து பூட்ச்சு. நவுரு, யாவாரம் கெடுது."

பக்கத்துக் கடைக்காரி ரஹீமுன்னிசாவுக்கு இது பொறுக்கவில்லை. அவள் கருவாடு விற்பவள். "டீச்சரம்மா, ஏன் இங்க வந்து பேஜாராவுறீங்க? ஊர்ல வேற மீனா இல்ல? இந்தப் பொண்ணுக்குத் திமிரு. நாலு வார்த்த கேட்டுட்டுப் போங்களேன்" என்பாள்.

"அவதான் என்னைக் கேக்கணும்" என்பாள் முத்தம்மா.

மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுத்ததே இல்லை. ரகுபதி வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும், முகத்தில் துப்பியிருப்பாள். ஆகவே கேட்கவில்லை. வாரா வாரம் வந்து, எல்லோரும் பார்க்க அந்தக் கடை முன்னால் நின்றாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு நாள் வேண்டியிருக்கும். எல்லார் முன்னாலும் டீச்சரைத் தலை குனிய வைக்க ஒரு வழி அவளுக்குத் தோன்றும். அது தோன்றும் வரைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது தன் வேலை என்று முத்தம்மா நினைத்தாள்.

மங்கம்மா சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள். வாலும் தெரியவில்லை. முத்தம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறும் பையோடு ரயிலடிக்கு நடந்தாள்.